மாடியில் ஒரு பந்தி

மாதுங்கா கிழக்கில், மத்திய ரயில்வே நிலையத்துக்குப் பக்கத்தில், லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைத் தாங்கிய சந்தைக் கட்டடம் இருக்கிறது. அதன் முதல் மாடியில் ஒரு சாப்பாட்டுக்கூடம். பெயர்ப்பலகையில் ஏ. ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் என்றிருக்கும். தொடங்கிய ஆண்டு 1942. பழைய பம்பாயைத் தேடி வருகிறவர்கள் எதிர்பார்க்கும் கோதிக் வளைவுகளோ வண்ணக் கண்ணாடிகளோ அங்கே கிடையாது. படியேறிப் போனால் முறைக்காகக் காத்திருக்கும் கூட்டம், உள்ளே வரிசையாக மேசைகள், மேசைமேல் வாழையிலை. அவ்வளவுதான்.

ஒரு சாப்பாட்டுக் கடையை எப்போது பாரம்பரியம் என்று சொல்லத் தொடங்குகிறோம்? கட்டடம் பழசானால் போதுமா? பாட்டி காலத்துச் செய்முறை மாறாமல் இருந்தால் போதுமா? மாதுங்காவில் சாப்பிட்டுவிட்டு இறங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழுகிறது. எனக்குத் தோன்றும் விடை எளியது. ஊரைவிட்டு வந்து அடுப்பில்லாமல் வாழும் ஒருவருக்கு, அவர் யார் என்று கேட்காமல், நாள் தவறாமல், நேரம் தவறாமல் சோறு போடும் ஒழுக்கம்தான் அந்தப் பாரம்பரியம். சுவரும் சுவையும் அதற்குப் பிறகு வருகின்றன. இந்த விடையை ஒப்புக்கொண்டால், மாதுங்காவில் நிறுத்தும் பார்வையைத் தண்டவாளத்துக்கு அப்பால் தாராவி வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

உலகின் மறுபக்கத்தில் மெக்சிகோ நகரத்திலும் இதே கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. அங்கே பழைய நகர மையத்தில் தாக்குபா தெருவில், ஸ்பானியர் காலத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த வீடொன்றில், 1912இல் கஃபே தெ தாக்குபா தொடங்கியது. தொடங்கியவர் தபாஸ்கோ மாநிலத்திலிருந்து வந்த தியோனிசியோ மொயினேதோ. சுவர்களில் நீலமும் மஞ்சளுமாக ஓடு பதித்திருக்கிறார்கள். மிளகாயும் சாக்லேட்டும் சேர்ந்த மோலே குழம்பைக் கன்னிமாடத்துச் சமையலறையில் கண்டுபிடிக்கும் கன்னியாஸ்திரீகளைப் பெரிய எண்ணெய் ஓவியமாக மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சீருடையும் தலையில் பெரிய முடிச்சுமாகப் பெண்கள் பரிமாறுகிறார்கள். மெக்சிகோ சமையலின் முகம் என்று பயணிகள் கொண்டாடுவது இந்த மாதிரி இடங்களைத்தான். ஆனால் 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டபோது முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டது மிச்சோவாகான் மாநிலத்துக் கிராமச் சமூகங்களை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது, அம்மியில் அரைப்பது, ஊர்ப் பெண்கள் கூடிச் சமைப்பது, கூடி உண்பது ஆகியவற்றைத்தான் அது மரபென்று எடுத்துச் சொன்னது. அலங்காரக் கூடம் ஒரு பக்கம், அம்மி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் சமையல் முழுமை பெறுகிறது என்பதை அந்த நாடு தெரிந்துகொண்டிருக்கிறது. மும்பைத் தமிழர்களாகிய நாம் இன்னும் கூடத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கூடத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள், லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். நெரிசலைக் குறைக்க ஆங்கிலேய அரசு 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டை அமைத்தது. நகரத்தின் வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாதுங்கா, சயான் நிலங்களை டிரஸ்ட் கையகப்படுத்தி, நேரான சாலைகளும் மரங்களும் பூங்காக்களுமாகப் பிரித்தது. கிங்ஸ் சர்க்கிள் என்ற வட்டப் பூங்காவும் அதைச் சுற்றிய சாலைகளும் அப்படி உண்டானவை. இன்று அந்தப் பூங்காவுக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர். 1930களிலும் 40களிலும் அந்த மனைகளில் மூன்று நான்கு மாடி அடுக்ககங்கள் எழுந்தன. முனைகள் வளைந்த பால்கனி, கிடைக்கோடுகளாக ஓடும் விளிம்பு, கட்டட முகப்பில் எழுதிய பெயர் என ஆர்ட் டெகோ பாணியில் கட்டினார்கள். மெரின் டிரைவிலும் ஓவல் மைதானத்திலும் நிற்கும் அதே பாணிக் கட்டடங்களுக்கு 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அந்த எல்லைக்குள் மாதுங்கா வரவில்லை.

அந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்களில் பெரும் பங்கு தெற்கத்திக்காரர்கள். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மெட்ரிகுலேஷன் முடித்து, டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்த இளைஞர்கள். கோட்டைப் பகுதியின் கம்பெனிகளிலும் வங்கிகளிலும் ரயில்வே அலுவலகங்களிலும் குமாஸ்தாக்களாகச் சேர்ந்தார்கள். குடும்பம் வைக்க வசதி வந்தவர்கள் மாதுங்காவில் வீடு பிடித்தார்கள். 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி உருவானது. பஜனை சமாஜம் வந்தது, ஆஸ்திக சமாஜம் வந்தது, பூக்கடைகளும் காப்பிக்கொட்டை அரைக்கும் கடைகளும் வந்தன. வரலாற்றாய்வாளர் நிகில் ராவ் பம்பாயின் புறநகர் அடுக்கக வாழ்க்கையைப் பற்றி 2013இல் வெளியிட்ட நூலில் முக்கியமான ஒன்றைக் காட்டுகிறார். ஊரில் இருக்கும்வரை தமிழ், கன்னடம், மலையாளம் என்றும் சாதி என்றும் உட்சாதி என்றும் தனித்தனியாக இருந்தவர்கள், மாதுங்காவின் பொதுப் படிக்கட்டுகளில்தான் 'தென்னிந்தியர்' என்ற ஒரே ஆளாக மாறினார்கள்.

அந்தத் தென்னிந்தியர் படிக்கட்டில் மட்டும் உருவாகவில்லை, இலையிலும் உருவானார் என்று நான் சேர்த்துக்கொள்வேன். ஒவ்வொரு குடும்ப வீட்டுக்கும் பின்னால் பல ஒற்றை ஆட்கள் இருந்தார்கள். திருமணமாகாதவர்கள், மனைவியை ஊரில் விட்டு வந்தவர்கள், ஒரே அறையில் ஐந்தாறு பேராகப் பாய் விரித்துப் படுத்தவர்கள். அவர்களுக்குச் சமைக்க இடமில்லை, சமைக்கவும் தெரியாது. காலையில் கோட்டைக்கு ரயில் ஏற வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும். நாஞ்சில் நாடன் பம்பாயை வைத்து எழுதிய நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த ஆட்களை அடையாளம் தெரியும். அவர்களை நம்பித்தான் போர்டிங்குகள் தோன்றின. போர்டிங் என்றால் படுக்க இடம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மாதத்துக்குப் பணம் கட்டி இரு வேளை சாப்பிடும் மெஸ் அது. 1936இல் கஃபே மைசூர், 1937இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1939இல் ராம் ஆஷ்ரயா, 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் போர்டிங். ஆறே ஆண்டுகளுக்குள், நடந்தே சுற்றி வந்துவிடக்கூடிய பரப்பில், இத்தனை அடுப்புகள் மூட்டப்பட்டன.

இந்தப் பட்டியலை ஒரு தமிழர் கவனமாகப் படிக்க வேண்டும். மணீஸ் பாலக்காட்டு ஐயர் கை. கஃபே மெட்ராஸைத் தொடங்கியவர் ஒரு காமத். ராம நாயக், காமத் போன்றவர்கள் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்கள். ராம் ஆஷ்ரயா ஷெட்டிக் குடும்பத்தினுடையது, அதாவது துளு பேசும் பண்ட் சமூகம். பம்பாய்த் தமிழனின் நாக்குக்கு ஊர் நினைவைக் கொடுத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள் இல்லை. உடுப்பி கிருஷ்ணன் கோயிலின் அட்ட மடங்களில் நூற்றாண்டுகளாக நடந்துவந்த அன்னதானச் சமையலும், தென் கன்னடக் கடற்கரையின் தேங்காயும் வெல்லமும் கலந்த சாம்பாரும், கொங்கணி வீட்டுப் பெருங்காயப் பருப்பும்தான் அங்கே நமக்குப் பரிமாறப்பட்டன. வெல்லம் தூக்கலாக இருக்கிறது என்று நம் ஆட்கள் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் இரண்டு தலைமுறை கடந்தபோது அந்தச் சுவைதான் வீட்டுச் சுவையாகிவிட்டது. மாதுங்காவில் பிறந்து வளர்ந்த ஒருவர் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ போய் உறவுக்காரர் வீட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டால் ஏதோ ஒன்று குறைவதாக உணர்வார். குறைவது உடுப்பி.

ராம நாயக் உடுப்பிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயதிலேயே புறப்பட்டு, சமையற்கூடங்களில் எடுபிடி வேலை பார்த்து மேலே வந்தவர். பம்பாயின் உடுப்பி உணவகங்களுக்கெல்லாம் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் மட்டும் இல்லை. அந்தக் காலத்து உடுப்பி ஓட்டல்கள் எல்லாவற்றிலும் இப்படி வந்த பையன்கள்தான் மேசை துடைத்தார்கள், தட்டுக் கழுவினார்கள், இரவில் அதே மேசைகளுக்கு நடுவே படுத்தார்கள். அவர்களில் பலர் கன்னட இரவுப் பள்ளிகளில் படித்து வக்கீல்களாகவும் கணக்காளர்களாகவும் ஓட்டல் முதலாளிகளாகவும் ஆனார்கள். பகலில் பரிமாறி இரவில் படித்த அந்தப் பையன்களின் வரலாற்றைக் கன்னடத்தில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கையால் சாப்பிட்ட நாம் தமிழில் அதைப் போதுமான அளவுக்கு எழுதவில்லை.

போர்டிங் தொடங்கிய 1942ஐ இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அடுத்த ஆண்டே நகரத்தில் தானிய ரேஷன் வந்தது. பெங்களூர் எம்.டி.ஆர் உணவகத்தில் ரவா இட்லி பிறந்தது போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டினால்தான் என்று அந்த நிறுவனத்தார் சொல்லிவருகிறார்கள். அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில், அரிசி தின்னும் ஆட்களுக்காக ஒருவர் சோற்றுக்கடை திறந்தார். அவர் என்ன கணக்குப் போட்டார் என்பது பதிவில் இல்லை. ஆனால் திறந்த கதவு இன்றுவரை மூடவில்லை. இந்த ஒரு செய்தியே அந்த மாடிக்கு எந்த வளைவையும் பதித்த ஓடுகளையும்விடப் பெரிய அலங்காரம் என்று நினைக்கிறேன்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் இலை விழுகிறது. பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாக வரிசையைச் சுற்றி வந்துகொண்டே இருப்பார்கள். ஊறுகாய், இரண்டு வகைக் காய், பருப்பு, பூரியோ சப்பாத்தியோ. அதை முடித்தவர் இலையில் சோறு. சாம்பார் ஒருவர் கையில், ரசம் இன்னொருவர் கையில். அப்பளம், தயிர், மோர், ஏதாவதொரு இனிப்பு. பரிமாறுகிறவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறார். சோற்றில் குழி விழுந்திருக்கிறதா, காய் தீர்ந்துவிட்டதா, இலையை மடித்துவிட்டார்களா? அந்தப் பார்வைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் குஜராத்தி வியாபாரியா, ரூயா கல்லூரி மாணவியா, செம்பூரிலிருந்து பேரனை அழைத்துவந்த ஓய்வுபெற்ற கணக்காளரா என்பது தெரியாது, தெரியவும் வேண்டாம். தெரியாதவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும், எழுந்ததும் அந்த இடம் அடுத்தவருக்கு. நிதானமாக உட்கார்ந்து பேச இது இடமில்லை. வெளியே நிற்கிறவரின் பசியை உள்ளே சாப்பிடுகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தப் பந்தியின் ஒரே மரியாதை.

யாரென்று கேட்காத இந்தப் பந்தி சும்மா வந்துவிடவில்லை. உடுப்பிச் சமையலின் மூலம் மடத்துச் சமையல். அங்கே யாருக்கு எங்கே இலை போடுவது என்பது சாதியால் முடிவான விஷயம். தமிழ்நாட்டு ஓட்டல்களிலும் பிராமணருக்குத் தனியிடம் இருந்த காலம் உண்டு. பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று போட்டுக்கொண்ட கடைகள் சுதந்திரத்துக்குப் பிறகும் இருந்தன. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேவின் முன்னால் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பம்பாயில் இந்தப் பிரிவினையை நகரத்தின் நெரிசலும் வாடகையும் தேய்த்தன. காசு கொடுத்தவருக்கு இலை என்ற கணக்கு, சாதியைக் கேட்க நேரம் தரவில்லை. இதை நான் புரட்சி என்று சொல்லமாட்டேன். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வாளியிலிருந்து சாம்பார் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் ஒரு நகரத்துக்கு வந்தது பெரிய விஷயம். அப்படி வந்ததில் சோற்றுக்கடைக்காரர்களுக்குப் பங்குண்டு.

அதே நகரம் இவர்களை வெறுத்த காலமும் வந்தது. 1960இல் தொடங்கிய மார்மிக் வார இதழ், அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. 1966இல் சிவசேனா பிறந்தது. லுங்கி கட்டியவர்களை விரட்டும் கோஷங்கள் சுவர்களில் ஏறின. உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடிகள் உடைந்தன. அந்த ஆண்டுகளில்தான் தாதர் ரயில் நிலைய வாசலில் வடாபாவ் பிறந்து, மராத்தி உழைப்பாளியின் உணவாக வளர்ந்தது. உடுப்பி ஓட்டலுக்கு மாற்றாகக் கட்சி அதை ஊக்குவித்தது என்று இன்றும் பேசுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் மாதுங்காவின் அடுப்புகள் அணையவில்லை. கல் எறிந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிளில் வரிசையில் நின்று, பெயரெழுதிக் கொடுத்துவிட்டு, மசால் தோசைக்குக் காத்திருக்கிறார்கள். இதில் வெற்றி தோல்வி பேச எனக்கு விருப்பமில்லை. சோற்றுக்கடைக்காரர் பகையை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வந்தவர் இலையில் என்ன தீர்ந்திருக்கிறது என்பதுதான் அவர் கவலை.

இதுவரை சொன்னது கூடத்தின் கதை. இனி அம்மியின் கதை.

ராம நாயக்கின் மாடியிலிருந்து இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே நடந்தால் சிறிது நேரத்தில் தாராவி வந்துவிடும். மாதுங்கா லேபர் கேம்ப் என்ற இடம் இருப்பதே தாராவிப் பக்கத்தில்தான். ஒரே ஊர்ப்பெயரின் இரண்டு பாதிகள், நடுவே ரயில். கிழக்கே டைப்ரைட்டர் தெரிந்தவர்கள் குடியேறினார்கள். மேற்கே தோல் தெரிந்தவர்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் ஆலைகளைத் தொடங்கினார்கள். அவற்றில் வேலை செய்ய அதே சீமையின் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் வந்து சேர்ந்தார்கள். 1913இல் ஆதிதிராவிட மகாஜன சங்கத்தார் எழுப்பிய பிள்ளையார் கோயில் அங்கே இருக்கிறது. அதாவது மாதுங்காவில் ஆர்ட் டெகோ அடுக்ககங்கள் எழுவதற்கு முன்பே தாராவியில் தமிழர் கோயில் எழுந்துவிட்டது. மும்பைத் தமிழரின் கதையை எல்லோரும் மாதுங்காவிலிருந்து தொடங்குகிறார்கள். காலக்கணக்குப்படி பார்த்தால் தாராவியிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று மும்பையின் பல தெருக்களில் காலையில் விற்கும் இட்லி தாராவியிலிருந்து போகிறது. மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறப்போடுகிறார்கள். சாயங்காலம் கிரைண்டர்கள் ஓடத் தொடங்கினால் சந்து முழுக்க அந்த இரைச்சல். மும்பையின் புழுக்கத்தில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும் என்பதால் எப்போது அரைத்து எப்போது ஊற்றுவது என்பது கைக்கணக்கு. மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, டிசம்பருக்கு வேறொன்று. நள்ளிரவுக்குப் பிறகு அடுப்பு மூட்டுகிறார்கள். தட்டில் ஈரத்துணி விரித்து மாவை ஊற்றி, அடுக்கடுக்காக வேகவைத்து, துணியோடு கவிழ்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து உரித்தெடுப்பார்கள். பக்கத்தில் ஒருவர் தேங்காய்ச் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருப்பார். இந்த வேலையில் பாதிக்கு மேல் பெண்களின் கை. விடிவதற்குள் ஆண்கள் அலுமினியப் பாத்திரங்களில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். பரேல், பாந்த்ரா, அந்தேரி என்று அவரவருக்கு ஒரு பாதை. ரப்பர் ஹாரனைப் 'பாம் பாம்' என்று அமுக்கினால் மாடிகளிலிருந்து பாத்திரம் இறங்கும். காவலாளி, வீட்டு வேலைக்கார அம்மா, பள்ளிக்கு ஓடும் பிள்ளை, முதல் ரயிலைப் பிடிக்கும் தொழிலாளி எல்லோருக்கும் இட்லி கொண்டுவருபவர் 'அண்ணா'.

மாதுங்கா போர்டிங் என்ன செய்ததோ அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். அடுப்பில்லாதவருக்கு, அவர் யார் என்று கேட்காமல், நேரம் தவறாமல் உணவு. இன்னும் சொன்னால், இவர்கள் ஒரு படி மேலே. மாதுங்காவுக்குப் பசித்தவர் படியேறிப் போக வேண்டும். இங்கே உணவு பசித்தவரைத் தேடிச் சைக்கிளில் வருகிறது. இரண்டுமே ஒரே மரபின் இரண்டு கைகள். கிழக்குக் கையைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, சுற்றுலா நூல்கள் வழி காட்டுகின்றன, பணக்காரர்கள் தங்கள் மாணவப் பருவத்து இட்லியை அங்கே நினைவுகூர்கிறார்கள். அந்தப் பெருமை நியாயமானது. மேற்குக் கையைப் பற்றிச் செய்தி வருவதென்றால் சுகாதாரச் சோதனையோ நகராட்சி வண்டி பாத்திரங்களைப் பறித்துப்போனதோதான் வருகிறது.

இந்த வேறுபாட்டுக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் தேர்வானது. மகாராஷ்டிர அரசும் சேர்ந்த கூட்டு நிறுவனம் அதை நடத்துகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது ஏற்பாடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடி அறைக்காரர்களுக்கும் தாராவிக்கு வெளியே இடம். இட்லித் தொழிலில் இருப்பவர்களில் வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு, மாடி அறையில் உறங்கிக் கீழே அரைப்பவர்கள் உண்டு. 350 சதுர அடி வீடு ஒரு குடும்பம் தங்கப் போதுமா என்று விவாதம் நடக்கிறது. அந்த வீட்டில் நள்ளிரவில் ஆவியடுப்பு வைக்கலாமா, பத்தாவது மாடியில் கிரைண்டர் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, மாவு கழுவிய தண்ணீர் எந்தக் குழாயில் போகும், விடியற்காலையில் நிரம்பிய பாத்திரத்தோடு லிஃப்டில் இறங்குவது எப்படி, சைக்கிளை எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. தாராவிக்கு வெளியே போனவர் விடிவதற்குள் பரேலுக்கு இட்லி கொண்டுவர முடியுமா என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பிளேக்குக்குப் பிறகு டிரஸ்ட் மாதுங்காவைத் திட்டமிட்டபோது சாலை, பூங்கா, காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் கணக்கிட்டது. ஒற்றை ஆட்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அந்த இடைவெளியை நாயக்குகளும் காமத்களும் ஷெட்டிகளும் பாலக்காட்டு ஐயர்களும் தங்கள் உழைப்பால் நிரப்பினார்கள். அன்றைக்குக் கட்டடங்களின் தரைத்தளத்தில் கடைக்கு இடமிருந்தது, வாடகை தாங்கக்கூடியதாக இருந்தது. திட்டம் விட்ட பிழையை மனிதர்களால் சரிசெய்ய முடிந்தது. இப்போது தாராவியில் எழப்போகும் கோபுரங்களில் அப்படியொரு இடுக்கு இருக்குமா என்பது சந்தேகம். ஆகவே இந்த முறை கணக்கிலேயே அதைச் சேர்க்க வேண்டும். பொதுவான அரைவைக்கூடம், தரைத்தளத்தில் வடிகால் வசதியோடு ஆவியடுப்புக்கூடம், நள்ளிரவிலும் தண்ணீர், சைக்கிள் நிறுத்துமிடம், இட்லி விற்பவருக்குத் தெருவில் உரிமம். பணம் புரளும் ஒரு திட்டத்தில் இவை பெரிய செலவில்லை. இவை வேண்டும் என்று கேட்கும் குரல்தான் குறைவு.

அந்தக் குரலை மாதுங்கா கொடுக்கலாம் என்பது என் நம்பிக்கை. இங்கே சமாஜங்கள் இருக்கின்றன, கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, 1963இல் சண்முகானந்தா அரங்கத்தைக் கட்டியெழுப்பிய அமைப்புத்திறமை இருக்கிறது. செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் இடம்பெயர்ந்தாலும் இலைச் சாப்பாட்டுக்கு இன்னும் இங்கே திரும்பி வரும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் தாத்தாக்களுக்கு ஒரு காலத்தில் அந்நியர்கள்தான் சோறு போட்டார்கள். மொழி வேறு, சாதி வேறு, ஊர் வேறு. அந்தக் கடனை ராம நாயக்கின் குடும்பத்துக்குத் திருப்பித் தர முடியாது, அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். சோற்றுக் கடனைத் திருப்பித் தருவதற்கு வழி ஒன்றுதான். இன்று சோறு போட்டுக்கொண்டிருப்பவரின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது. மாதுங்காவின் பழைய சாப்பாட்டுக்கூடங்களைப் பாரம்பரியம் என்று பெருமையாகச் சொல்லும் ஒவ்வொருவரும், தாராவியின் இட்லி அடுப்புகளும் அதே பாரம்பரியம்தான் என்று அதே வாயால் அரசிடமும் நகராட்சியிடமும் சொல்ல வேண்டும்.